போட்டோ இருக்கறப்போ ஓவியம் எதுக்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம்கள்ல பழைய செடி, பூச்சி ஓவியங்களுக்குன்னே தனி கேலரி வெச்சிருக்காங்க. இவ்ளோ நல்ல கேமரா வந்த பிறகும் அதுல பாக்க என்ன இருக்கு?

பதில்: நிறைய இருக்குங்க. போட்டோங்கறது ஒரு செடிய, ஒரு நாள்ல, ஒரு பக்கத்துல இருந்து புடிக்கறது, அன்னிக்கு இலையில ஓட்டை இருந்தா ஓட்டையோடதான் விழும். வரையறவங்க பல செடிய பாத்து அந்த இனத்துக்கு எது பொதுவோ அத எடுத்துக்கிட்டு மொட்டு, விரிஞ்ச பூ, குறுக்க வெட்டின சூல்பை, காய், விதைன்னு வேற வேற மாசத்துல வர்றத எல்லாம் ஒரே தாள்ல கொண்டு வந்துடுவாங்க. புது செடி இனத்த அறிவிக்கறப்போ கோட்டோவியம் சேர்த்துப் போடற வழக்கம் இப்பவும் இருக்கு.

பூச்சி, செடி வரைஞ்ச ஜெர்மன் ஓவியர் மரியா சிபில்லா மெரியன் வரைஞ்சது கண்ணுல பட்டா தயவுசெஞ்சு அவசரமா தாண்டிப் போயிடாதீங்க. 1699ல, 52 வயசுல, மகள கூட்டிக்கிட்டு கப்பலேறி தென் அமெரிக்காவுல இருக்கற சுரினாம் போனவங்க. புழுவ புடிச்சுட்டு வந்து வளத்து, கூட்டுப்புழுவாகி பட்டாம்பூச்சியா வெளிய வர்ற வரைக்கும் கூடவே இருந்து வரைஞ்சாங்க, பூச்சியெல்லாம் அழுகின பொருள்ல இருந்து தானா பொறக்குதுன்னு நம்பறவங்க இன்னும் இருந்த காலம் அது. 1705ல வந்த அவங்க புத்தகத்துல புழு, கூடு, பட்டாம்பூச்சி, அது இருக்கற செடி எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கும். புழு தின்ன இலையோட ஓரத்த கிட்ட போய் பாருங்க, அந்த ஓட்டை தற்செயலா விழுந்தது இல்ல, எது எத தின்னுதுங்கற தகவலே அதுதான்.

கேள்வி: ஜெர்மன் ஓவியர் டூரரோட காண்டாமிருகப் படம் தப்பு தப்பா இருக்குமே, அத ஏன் இவ்ளோ கொண்டாடறாங்க?

பதில்: தப்புதான், ஒடம்பு பூரா கவசம் மாட்டின மாதிரி இருக்கும், தோள்மேல இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேற. 1515ல இந்தியாவுல இருந்து லிஸ்பனுக்குப் போன மிருகத்த அவர் நேர்ல பாக்கவே இல்ல, வேற யாரோ அனுப்பின விவரத்தையும் ஸ்கெட்ச்சையும் வெச்சு மரக்கட்டை அச்சுக்கு வரைஞ்சார். அச்சுல வந்ததால ஊரு ஊரா பரவி, 200 வருஷத்துக்கு மேல ஐரோப்பா பூரா காண்டாமிருகம்னா இதுதான்னு காப்பி அடிச்சாங்க. அச்சான படத்துக்கு எவ்ளோ பலம்னு காட்ட இத விட நல்ல சாட்சி கெடையாது. இதுக்கு பக்கத்துல வெச்சுப் பாக்க வேண்டியது ஜஹாங்கீர் அரண்மனை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைஞ்சதா சொல்ற டோடோ பறவை படம். சுமார் 1625ல வரைஞ்சது, உயிரோட இருந்த பறவைய பாத்து வரைஞ்ச மாதிரிதான் தெரியுது, அதே நூற்றாண்டு முடியறதுக்குள்ள அந்த இனமே போயிடுச்சு. டோடோவோட கலர் என்னன்னு பேச வந்தா இன்னிக்கும் ஆராய்ச்சியாளருங்க இந்தப் படத்தத்தான் எடுக்கறாங்க. அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கனத்துப் போகுது.

கேள்வி: எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்கள்ல மகரந்தம் ஊதா, பச்சைன்னு இருக்கே, நெஜ கலரா?

பதில்: இல்லைங்க. கலர்ங்கறது ஒளி சம்பந்தப்பட்ட விஷயம், அந்தக் கருவியில பிம்பத்த உண்டாக்கறது எலக்ட்ரான், அதனால படம் கருப்பு வெள்ளையாதான் வரும். அப்புறம் கம்ப்யூட்டர்ல கலர் ஏத்தறாங்க, ஒண்ணுக்கொண்ணு ஒட்டியிருக்கற பாகங்கள பிரிச்சுக் காட்ட அது உதவும். ஆனா படத்துக்குக் கீழ அத தெளிவா எழுதணும், எழுதாம விடறது பாக்க வர்றவங்களுக்கு செய்யற அநியாயம்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: அந்த ஓவிய கேலரி மட்டும் ஏன் மங்கலா இருக்கு?

பதில்: வாட்டர்கலர் வெளிச்சத்துல வெளுத்துடும், ஒருதடவ போன நிறம் திரும்பி வராது. அதனால இந்த மாதிரி தாள் ஓவியங்களுக்கு பொதுவா 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) அளவுலதான் மங்கலா லைட் வெப்பாங்க, கொஞ்ச மாசம் மாட்டிட்டு எடுத்து இருட்டுல வெச்சுட்டு வேற படத்த மாத்துவாங்க. போன தடவ பாத்த பறவை இந்த தடவ இல்லைன்னா காரணம் இதுதான்.