கொள்ளுத்தாத்தா பெயர் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை

முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போன உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். அதற்காகத் தேடலை விட்டுவிடாதீர்கள். முதல் உலகப்போருக்கு அங்கே இருப்பது 4.8.1914 முதல் 31.8.1921 வரை இறந்தவர்கள் மட்டுமே, அவர்தான் உயிரோடு ஊர் திரும்பிவிட்டாரே!

வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்களே, ராஜா தலை போட்ட பதக்கம், அதன் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். தேய்த்து மட்டும் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து போய்விடும். அது வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், சுமைதூக்கும் பிரிவிலோ தொழிலாளர் படையிலோ இருந்திருக்கலாம். அவர்கள் பட்ட பாடும் போர்ப் பாடுதான்.

படைப்பிரிவு மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்று தெரிந்தால் பெங்களூரில் உள்ள அவர்கள் மையத்துக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பெயரை மட்டும் வைத்தால் ஏகப்பட்ட முனுசாமிகள் வருவார்கள், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு ஆளுக்கொரு மாதிரி இருக்கும். விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து படிப்போம்.