வன்முறைக்கு ஆளாகி மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்குத் தன்னார்வலர் என்ன ஆறுதல் சொல்லலாம்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் இன்னும் வார்டுக்குள் கால் வைக்கவில்லை என்று தெரிகிறது. என்ன பேசுவது என்ற பதைப்பு எல்லோருக்கும் வருவதுதான். சில ஆண்டுகளாக இந்த வேலைக்குப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஆறுதல் வசனம் எதையும் தயார் செய்துகொண்டு போக வேண்டாம். குழந்தை "போ" என்றால் எழுந்து போகத் தெரிந்திருந்தால் போதும்.

மனநலம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சிகிச்சை உங்கள் வேலை. நான் பேசுவது பக்கத்தில் உட்காரப் போகிறவரிடம்.

ஒரு பையன். ஆறு வயதிருக்கும். (அடையாளம் தெரியக் கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் மாவுக்கட்டு. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். க்ரேயான் பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "இங்கே உட்காரட்டுமா?" என்றேன். திரும்பாமலே "போ" என்றான். "சரி, நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன். அப்போதும் வேண்டாமென்றால் போய்விடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளும் "போ". போனேன். "கொஞ்சிப் பேசினால் வழிக்கு வந்துவிடுவான்" என்றார் ஒரு நர்ஸ். அவனை வழிக்குக் கொண்டுவரத்தானே வீட்டில் கையை முறித்திருந்தார்கள்!

பிறகு ஒருநாள் உட்கார விட்டான். உட்கார்ந்த உடனே "போ" என்றான். எழுந்தேன். "அந்தப் பக்கம் போ" என்று கட்டிலின் மறுபுறத்தைக் காட்டினான். வார்டில் நாற்காலி எப்போதும் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்தான் கிடக்கும். யார் உள்ளே வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும், நான் மறைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இடம் மாறியதும் பச்சை க்ரேயானை எடுத்து, தாளின் ஒரு மூலையை மட்டும் அழுத்தி அழுத்தித் தீட்டினான். தலையைத் தடவிக் கொடுக்க ஆசைதான். செய்யவில்லை. தலைக்கு மேல் எந்தக் கை உயர்ந்தாலும் இப்படிப்பட்ட குழந்தைகள் பலர் சட்டென்று குறுகிவிடுவார்கள்.

"என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நாம் துருவினால், பின்னால் அவர்கள் வாங்கும் வாக்குமூலமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். குழந்தை தானாகச் சொன்னால், அதே சொற்களில் எழுதி அன்றே சமூகப் பணியாளரிடம் கொடுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அடித்தவரைத் திட்டவும் வேண்டாம். இரவில் குழந்தை அழுவது பல நேரம் அதே ஆளைத் தேடித்தான்.

பெற்றவர்கள் இருக்கும்போது நாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மருத்துவமனையில் குழந்தைகளைப் பெற்றோர் தாராளமாக வந்து பார்க்க விட வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு 1959இல் சொன்னது. குழந்தையின் எலும்பு முறிவுக்குப் பெற்றோரே காரணமாக இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் பரவலாகக் கவனிக்கத் தொடங்கியது, 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பும் அவருடைய சக மருத்துவர்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் அந்தப் பையன்: பக்கத்தில் ஆள் வேண்டும், வீட்டு ஆள் வரக் கூடாது. அந்த இடத்துக்குத்தான் நாம்.

எனக்குக் குழந்தை இல்லாததால்தான் இப்படி அலைகிறேன் என்று உறவில் ஒரு பேச்சு. இதைச் சொல்கிறவர்கள்தான், விசேஷம் என்றால் அத்தனை பிள்ளைகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் படம் பார்க்கப் போகிறவர்கள். மணமாகாத பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை என்ன பொதுச் சொத்தா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்காவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

சேரும் முன் காவல்துறைச் சரிபார்ப்பு, பயிற்சி வகுப்பு, தெரிந்தவர்களின் பரிந்துரை எல்லாம் கேட்பார்கள். "சேவை செய்ய வந்த என்னையே சந்தேகப்படுகிறார்களே" என்று முகம் சுளிக்காதீர்கள். ஒன்றும் கேட்காமல் உங்களைக் குழந்தையோடு தனியே விடுகிற இடமாக இருந்தால், அங்கே சேராதீர்கள்.