ஓடாமல் கிடந்த பிரிண்டரை வாங்கலாமா?

கேள்வி: ஓராண்டாக இயக்கப்படாத எக்கோ சால்வென்ட் அகல பிரிண்டர் (பேனர், ஸ்டிக்கர் போன்றவற்றை அச்சிடும் பெரிய இயந்திரம்) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் பழுதுபார்த்துக்கொள்ளலாமா?

பதில்: நாள்தோறும் ஓடித் தேய்ந்த இயந்திரத்தைவிட, மையை வெளியேற்றாமல் நிறுத்தி வைக்கப்பட்ட இயந்திரமே அதிகம் அஞ்சத்தக்கது, ஏனெனில் மையைத் தெளிக்கும் ஹெட்டின் நுண்துளைகளில் மை உலர்ந்து இறுகிவிட்டால், சுத்திகரிப்புத் திரவத்தால் அது கரையும் என்பதற்கு உறுதியில்லை. புதிய ஹெட்டின் விலையை முதலில் விசாரித்து, அதையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

உங்கள் கண்ணெதிரே நாசில் செக் (எல்லாத் துளைகளும் மை தெளிக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) எடுக்கச் சொல்லி, அரை மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் கோடுகள் விடுபட்டிருந்தால், அந்தத் துளைகள் அடைபட்டிருக்கலாம் அல்லது ஹெட்டே செயலிழந்திருக்கலாம். விடுபடும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் டேம்பர் (ஹெட்டுக்குச் செல்லும் மையின் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு பெட்டி), கேப் (ஓய்வில் ஹெட்டை மூடிவைக்கும் மூடி), மைக்குழாய் ஆகியவற்றில் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். இவை ஹெட்டை ஒப்பிட மிகவும் மலிவான பாகங்கள். பழைய அச்சுத்தாளைக் காட்டிச் சமாளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

பழுதுபார்க்கும்போது மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்காமல் ஹெட் கேபிளைத் தொடாதீர்கள். அதன் முனையில் மையோ திரவமோ ஒரு துளி பட்டாலும் ஹெட்டுடன் மெயின் போர்டும் எரிந்துபோகக்கூடும். ஹெட்டைச் சுமந்து ஓடும் வண்டி தடுமாறினால், போர்டைச் சந்தேகிக்குமுன் வண்டியின் இடத்தைக் கணிக்க உதவும் என்கோடர் பட்டையில் மை படிந்துள்ளதா என்று பாருங்கள். படத்தைப் பிரிண்டருக்கு ஏற்ற வடிவில் மாற்றும் ரிப் மென்பொருளின் டாங்கிளையும் (அது இயங்கக் கணினியில் செருக வேண்டிய உரிமச் சாவி) மறவாமல் கேட்டு வாங்குங்கள்.