மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் வலிக்காகப் போடும் நெர்வ் பிளாக் ஊசி ஆபத்தானதா?

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றப் போகிறார்கள், வலி தெரியாமலிருக்கத் தொடையில் நெர்வ் பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போடுவார்களாம், கால் விளங்காமல் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அறுவை முடிந்தவர்களை முதன்முதலில் எழுப்பி நிற்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். அம்மா விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பெரிய கவலை.

நரம்புக்கு நீண்டகாலப் பாதிப்பு வருவது அபூர்வம். 10,000 ஊசிகளுக்குச் சுமார் 2 முதல் 4 பேர். சில நாள் மரமரப்பு அதைவிட அதிகம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சர்க்கரை நோயால் பாதம் ஏற்கெனவே மரத்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மரக்கவைக்கும் ஊசி மருந்து ரத்தத்தில் கலந்தால் வாயைச் சுற்றி மரத்து, காது இரைந்து, வலிப்புவரை போகலாம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடுவதால் இது குறைந்திருக்கிறது. முறிக்கக் கொழுப்புக் கரைசல் மருந்தும் உண்டு.

இனி விழுவதைப் பற்றி. இடுப்புக்குக் கீழே தொடை நரம்பில் போட்டால், வலியோடு தொடையின் முன்பக்கத் தசையும் ஓய்ந்துவிடும். நிற்கும்போது முட்டியை மடங்காமல் பிடிப்பது அந்தத் தசைதான். படுத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வலியில்லையே என்று ராத்திரி தனியாகப் பாத்ரூமுக்கு எழுவார், முட்டி மடங்கிவிடும். தையல் பிரியலாம், எலும்பே முறியலாம். அதனால்தான் இப்போது பலரும் நடுத்தொடையில், அடக்டர் கேனால் பிளாக் போடுகிறார்கள். அதில் தசை பலம் பெருமளவு தப்பும், முழுக்க அல்ல. எந்த ஊசி என்று கேட்டுவையுங்கள். எதுவானாலும் மரப்பு தீரும்வரை ஆள் துணையும் வாக்கரும் இல்லாமல் ஓரடி வைக்க விடாதீர்கள். அம்மாக்கள் யாரையும் எழுப்பத் தயங்குவார்கள், நீங்களே பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஊசியென்றால் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். தீரும்போது வலி ஒரேயடியாக ஏறும். மாத்திரையை வலி வந்தபின் தேடாமல், மரப்பு இருக்கும்போதே கொடுக்கச் சொல்லுங்கள்.

அறுவைக்காக முதுகில் ஊசி போட்டிருந்தால், அதன் மரப்பு போனதும், பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அறுவையிலேயே முழங்காலுக்கு வெளிப்பக்க நரம்பு இழுபட்டிருக்கலாம். முட்டிகள் உள்நோக்கி இடிப்பதுபோல் கால் வளைந்தோ, முழுக்க நீட்ட முடியாமலோ இருந்து நிமிர்த்தப்பட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். “பிளாக்கின் மரப்புதான், போய்விடும்” என்று யார் சொன்னாலும், அறுவை செய்த மருத்துவர் அன்றே வந்து பார்க்கும்படி கேளுங்கள்.