அலுமினியக் குழலில் கறுப்புக் கறை

கேள்வி: வாவியில் ஓடும் எங்கள் பழைய பொன்ரூன் படகின் (குழல்கள் மேல் மிதக்கும் தட்டைப் படகு) அலுமினியக் குழல்கள் கறுத்து, சிப்பியும் பிடித்துவிட்டன. கழிவறை அசிட் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அசிட் அலுமினியத்தையே தின்று குழி விழுத்தும். கோஸ்டிக் சோடாவும் அப்படித்தான். படகைக் கரையேற்றியதும், ஈரம் காயுமுன்பே சிப்பியை மரத்தகட்டால் சுரண்டுங்கள். காய்ந்தால் இறுகிவிடும். பிறகு நிழலில் வைத்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் ஒக்ஸாலிக் அசிட் கரைத்து, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலாகப் பூசுங்கள். 5 நிமிடத்தில், அது காயுமுன்பே, நைலோன் தூரிகையால் தேய்த்து நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இரும்புப் பஞ்சு தொடவே கூடாது: அதன் துகள் அலுமினியத்தில் புதைந்து, உப்புநீர் பட்டதும் அரிப்பைத் தொடக்கும்.

பொலிஷ் மினுக்கம் நீர்மட்டத்துக்கு மேலேதான் நிற்கும். கீழே எபொக்சி பிறைமரும் (அடிப்பூச்சு), அதன்மேல் சிப்பி பிடிக்காமல் தடுக்கும், செம்பு கலக்காத பெயின்ற்றும் அடியுங்கள்; செம்புப் பெயின்ற் குழலையே அரித்து ஓட்டையாக்கும்.