'ஈவெஞ்சுவல்' நோட்டு வைத்திருக்கும் பெண்ணைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளாதீர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் மகளைப் பற்றி ஒரு அப்பா எழுதியிருக்கிறார். கணக்கில் சுமாருக்கு மேல், இங்கிலீஷில் பைத்தியம். படித்ததில் கண்ணில் பட்ட சொல் ஜோடிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாளாம். சித்தப்பா, மாமா எல்லோரும் "கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர், இல்லாவிட்டால் வாழ்க்கை வீண்" என்கிறார்களாம். அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கவலை நியாயமானது சார். ஆறுதல் அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு உங்கள் உறவினர்களோடு சண்டை போடத்தான் தோன்றுகிறது.

அதில் முதலில் இருப்பது 'ஈவெஞ்சுவல்' (eventual) என்ற பெயரடை. எதன் முடிவிலோ வந்து சேர்வதைக் குறிக்கும் சொல். அதற்குக் கீழே வின்னர், அவுட்கம், ஃபேட், கொலாப்ஸ், ரிட்டர்ன், ரிலீஸ் என்று அது கூட்டு வைக்கும் பெயர்ச்சொற்கள். பக்கத்துப் பத்தியில் 'அல்டிமேட்': கோல், ரெஸ்பான்சிபிலிட்டி, சாக்ரிஃபைஸ். அடுத்ததில் 'ஃபைனல்': டிசிஷன், ஸ்கோர், டிராஃப்ட். மூன்றுக்கும் அகராதியில் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கும். ஆனால் 'ஈவெஞ்சுவல் ஸ்கோர்' என்று சொன்னால் காதில் இடிக்கும். அரையிறுதியில் ஒருவரிடம் தோற்று, அவரே பிறகு கோப்பையை வென்றால், தோற்றவரைப் பற்றி எழுதும்போது 'லாஸ்ட் டு தி ஈவெஞ்சுவல் வின்னர்' என்பார்கள். அங்கே 'ஃபைனல் வின்னர்' பொருந்தாது. இதற்கு உங்கள் மகள் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு: "கதையின் நடுவில் நின்று கடைசியை எட்டிப் பார்க்கும் சொல்." இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை.

ஆசிரியர் வேலை, பத்திரிகை, அரசுத் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் பேச விரும்புவது அகராதியியலும் கார்ப்பஸ் மொழியியலும்.

கார்ப்பஸ் என்றால் கணினியில் தேடக்கூடிய பெரிய உரைக்குவியல். 1960களில் வந்த பிரவுன் கார்ப்பஸில் 10 லட்சம் சொற்கள். 1994இல் முடிந்த பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் 10 கோடி. அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோகா இன்று 100 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் சொன்னார். அந்த வழியில் வந்த ஜான் சின்க்ளேர், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கார்ப்பஸை அடிப்படையாக வைத்து 1987இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தார். அதன் பிறகு அகராதி எழுதும் முறையே மாறிவிட்டது.

வேலை எப்படி இருக்கும்? திரையின் நடுவில் 'ஈவெஞ்சுவல்' நெட்டுக்குத்தாக அடுக்கி நிற்கும். இடமும் வலமும் நிஜ வாக்கியங்களின் துண்டுகள், நூற்றுக்கணக்கான வரிகள். வலப்பக்கச் சொல்லை அகரவரிசையில் அடுக்கினால் கொலாப்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் குவியும், வின்னர் எல்லாம் ஒரே இடத்தில். வெறும் எண்ணிக்கையை நம்ப முடியாது. 'ஆஃப்', 'தி' போன்றவை எல்லாச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, தற்செயலாகச் சேர்ந்திருந்தால் எத்தனை தடவை வந்திருக்கும், உண்மையில் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். கென்னத் சர்ச், பேட்ரிக் ஹாங்க்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1990இல் அகராதிக்காரர்களுக்கு முன்வைத்த மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் கணக்கு இதுதான். அதிலும் ஒரு வம்பு: எப்போதோ ஒருமுறை வரும் அபூர்வ ஜோடிக்கு மதிப்பெண்ணை வாரி வழங்கிவிடும். அதைச் சரிக்கட்ட லாக்டைஸ் போன்ற அளவைகள் வந்தன. எண் சொன்ன பிறகும் எதை வைப்பது, எதைத் தள்ளுவது, எந்த வாக்கியத்தை உதாரணமாகக் காட்டுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். ஜெர்மன் பேசுபவர் 'ஈவெஞ்சுவல்' என்று எழுதினால் பல நேரம் 'ஒருவேளை' என்ற பொருளில் எழுதியிருப்பார், அவர் மொழியில் 'எவென்டுவெல்' அப்படி. கற்பவர்களுக்கான அகராதியில் இதை எச்சரிக்கவும் ஒரு ஆள் தேவை.

அகராதிப் பதிப்பகத்தில் நிரந்தர நாற்காலி கிடைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். மேக்மில்லன் 2012இல் அச்சு அகராதியை நிறுத்துவதாக அறிவித்தது. 2023இல் அதன் இணைய அகராதியும் மூடப்பட்டது. ஆனால் இதே திறமை வேறு இடங்களில் விலைபோகிறது: ஆங்கிலத் தேர்வுகளுக்கு வினா எழுதுவது, பாடநூல் தயாரிப்பு, ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் செப்பனிடுவது, இலக்கணத்தைத் திருத்தும் மென்பொருள், மொழித் தொழில்நுட்பக் குழுக்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலையாகத் தொடங்கும். முதல் சில வருடம் வருமானம் ஏறி இறங்கும். அது பொறுக்காத வீடு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அதனால்தான் செலவு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். கடன் வாங்கி வெளிநாட்டுப் பட்டம் வேண்டாம். இளங்கலையில் மொழியியல், அல்லது மொழியியல் தாள்கள் உள்ள இங்கிலீஷ் போதும். கூடவே புள்ளியியலும் பைத்தான் நிரல்மொழியும் கட்டாயம். மாமா கம்ப்யூட்டரைத்தானே கேட்டார், அது இங்கேயே இருக்கிறது. முதுகலைக்கு எங்கே போவது என்பதை உதவித்தொகை கிடைக்கிற இடம் பார்த்து முடிவு செய்யலாம்.

அதற்கு முன் காசில்லாத ஒரு பரீட்சை. ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கிய ஆன்ட்காங்க், மேலே சொன்னபடி சொல்லை வரிவரியாக அடுக்கிக் காட்டும் மென்பொருள், இலவசம். காப்புரிமை முடிந்த பழைய ஆங்கில நூல்கள் கொஞ்சத்தை அதில் ஏற்றி, 'ஃபைனல்', 'அல்டிமேட்', 'ஈவெஞ்சுவல்' மூன்றையும் ஒப்பிட்டு மூன்று பக்கம் எழுதச் சொல்லுங்கள். பழைய நூலில் கிடைப்பதும் தன் நோட்டில் இருப்பதும் எங்கே முட்டுகிறது என்று அவளே பிடித்தால், ஆள் இந்தத் துறைக்குத்தான். நூறாவது வரியில் சலித்துப்போனால் அதுவும் பயனுள்ள பதில்தான். நல்ல வாசகியாக இருக்கட்டும், படிப்பு வேறாக இருக்கட்டும். கணக்கைத் தப்பிக்க இங்கிலீஷ் பக்கம் ஓடுகிறாள் என்று தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள், இங்கே கணக்கு பின்னாலேயே துரத்தி வரும்.

அவளிடம் நேரடியாக ஒன்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் சித்தப்பா சொன்னது இருக்கிறது, மாமா சொன்னது இருக்கிறது. மகள் சொன்ன வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்துக்கு முன்பணம் கட்டும் எண்ணம் இருந்தால், அவள் அந்த மூன்று பக்கத்தை எழுதி முடிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம். அன்றைக்கு அவளும் வரட்டும், மாமா வேண்டாம்.