யூனியன பத்தி ஆராய என்ன இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணு தொழில் உறவுகள்ல பிஎச்டி பண்றா, யூனியன பத்தி தான் தீசிஸ். எத்தனை ஸ்ட்ரைக் நடந்துச்சுன்னு எண்றதுக்கு இத்தனை வருஷமான்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?

பதில்: பொண்ணுக்கு முதல்ல என் வாழ்த்த சொல்லுங்கம்மா. ஸ்ட்ரைக்க எண்றது இந்த துறையில ரொம்ப சின்ன வேலை. எந்த கம்பெனியிலயும் ஸ்ட்ரைக் நடக்காத நாள் தான் அதிகம், அந்த நாள்லயும் ஓவர்டைம் யாருக்கு, ஷிப்ட யார் மாத்தறது, மெமோ வாங்கினவருக்காக யார் உள்ள போய் பேசறதுன்னு ஏதோ ஒரு பேச்சுவார்த்தை ஓடிட்டே தான் இருக்கும், உங்க பொண்ணு ஆராயறது அதத்தான். இங்கிலாந்துல சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப்னு ஒரு தம்பதி, 1892ல கல்யாணம் ஆகி தேனிலவுக்கு டப்ளின், கிளாஸ்கோனு போன இடத்துலயும் யூனியன்களோட ரெக்கார்டுகள தேடிப் படிச்சாங்க. அவ்வளவு விஷயம் இருக்கு இதுல.

ஸ்ட்ரைக்லயே எண்ணிக்கைய தாண்டி பாக்க வேண்டியது நிறைய. 1965ல பிரிட்டன் அரசு டோனவன் தலைமையில ஒரு கமிஷன் போட்டுச்சு, ஹியூ கிளெக்ங்கற ஆராய்ச்சியாளரும் அதுல உறுப்பினர். 1968ல ரிப்போர்ட் வந்தப்ப, நடந்த ஸ்ட்ரைக்ல சுமார் 95 சதவீதம் யூனியன் தலைமை அறிவிக்காமலே நடந்ததுன்னு தெரிஞ்சுது. மேல கையெழுத்தான அக்ரிமென்ட் ஒண்ணு, கீழ ஷாப் ஃப்ளோர்ல, அதாவது தொழிலாளிங்க வேலை பாக்கற இடத்துல, நடக்கற ஏற்பாடு வேற ஒண்ணு, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்த இடைவெளி தான் பிரச்சனையோட வேர்னு சொன்னாங்க. தலைவர் தூண்டிவிட்டாருன்னு ஒரே வரியில முடிக்கறவங்களுக்கு இத சொல்லுங்க.

கேள்வி: யூனியன் வந்தா உற்பத்தி படுத்துடும்னு எங்க மேனேஜர் சொல்றார். ஆராய்ச்சி என்ன சொல்லுது?

பதில்: அப்படி ஒரே அடியா சொல்ல முடியாது சார். ஹார்வர்ட்ல ஃப்ரீமேன், மெடாஃப்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க டேட்டாவ வச்சு 1984ல எழுதினாங்க: யூனியன் இருக்கற இடத்துல வேலைய விட்டு போறவங்க குறைவு, ஏன்னா பிடிக்கலன்னா ராஜினாமா பண்றதுக்கு பதிலா உள்ள இருந்தே பேச ஒரு வழி இருக்கு. ஆள் நிலைச்சா அனுபவம் நிலைக்கும். லாபம் குறையறதுண்டு, அதையும் அவங்களே மறைக்காம எழுதியிருக்காங்க. உற்பத்தி ஏறுமா இறங்குமாங்கறது மேனேஜ்மென்டும் யூனியனும் எப்படி பழகறாங்கங்கறத பொறுத்து மாறும். ஆக உங்க மேனேஜர் சொல்றது பாதி தான், இன்னொரு பாதி அவர் கையிலயே இருக்கு.

கேள்வி: சந்தா கட்டறது நாங்க கொஞ்ச பேர், சம்பள உயர்வு மட்டும் எல்லாருக்கும். இது நியாயமா?

பதில்: உங்க கோபம் புரியுது. 1965லயே மான்கர் ஓல்சன்ங்கற அமெரிக்க பொருளாதார அறிஞர் இத தெளிவா எழுதிட்டார், பலன் எல்லாருக்கும் பொதுவா கிடைக்கும்னா செலவ அடுத்தவன் பாத்துக்கட்டும்னு தான் தனி ஆள் நினைப்பான்னு. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து மாதிரி நாடுகள்ல வேலை போனா கிடைக்கற காப்பீட்டு நிதி ரொம்ப காலமா யூனியனோட சேர்ந்தே இருந்துச்சு, அங்க உறுப்பினர் அதிகமா இருக்க அது ஒரு முக்கிய காரணம். ஃப்ரான்ஸ்ல நேர் எதிர், உறுப்பினர் 10 சதவீதம் போல தான், ஆனா யூனியன் போடற அக்ரிமென்ட் 90 சதவீதத்துக்கும் மேல தொழிலாளர்களுக்கு பொருந்தும், சட்டம் அப்படி. அதனால உறுப்பினர் எண்ணிக்கைய மட்டும் பாத்து ஒரு யூனியனோட பலத்த எடை போடாதீங்க.

கேள்வி: யூனியன ஆராயறவங்க எல்லாரும் யூனியன் பக்கம் தானே? நடுநிலைன்னு ஒண்ணு இருக்கா?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். டொனால்ட் ராய்னு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர், 1944-45ல சிகாகோ பக்கம் ஒரு தொழிற்சாலையோட மெஷின் ஷாப்ல டிரில்லிங் மெஷின் ஓட்டற தொழிலாளியாவே சேர்ந்து வேலை பாத்தார். பீஸ் ரேட் வேலை, அதாவது எத்தனை பீஸ் செய்யறாங்களோ அதுக்கு ஏத்த கூலி. முடிஞ்சாலும் ஒரு அளவுக்கு மேல யாரும் உற்பத்தி காட்ட மாட்டாங்க, நிறைய காட்டினா கம்பெனி ரேட்ட குறைச்சிடும்ங்கற பயம். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு சோம்பேறித்தனம், உள்ள நின்னவருக்கு அது கணக்கு. 30 வருஷம் கழிச்சு 1974ல மைக்கேல் புராவாய்ங்கற இன்னொரு சமூகவியல் ஆராய்ச்சியாளர் ஒரு தொழிற்சாலையில மெஷின் ஆபரேட்டரா சேர்ந்தார், அது ராய் வேலை பாத்த அதே ஷாப்னு அப்புறம் தான் கண்டுபிடிச்சார். ராய், ஏன் இவங்க இன்னும் அதிகமா உழைக்கலன்னு கேட்டாரு, புராவாய் அத திருப்பி, ஏன் இவ்வளவு உழைக்கறாங்கன்னு கேட்டாரு. பதில் என்னன்னா, அன்னன்னைக்கு கோட்டாவ எட்டிப் பிடிக்கறதே ஒர்க்கர்ஸ்க்கு ஒரு விளையாட்டா ஆயிடுது, ஆடறவன் விதிய எதிர்த்து கேக்கறதில்ல, அப்படியே மேனேஜ்மென்டுக்கு சம்மதமும் கிடைச்சிடுது. யூனியனோட குறை தீர்க்கற நடைமுறையும் அந்த சம்மதத்துக்கு துணை போகுதுன்னு எழுதினார், அதுவும் அவர் ஒரு மார்க்சியவாதி! மனசுல ஒரு சார்பு இருக்கலாங்க, அது தப்பில்ல. தனக்கு பிடிக்காத முடிவு வந்தாலும் எழுதணும், நான் அதத்தான் நேர்மைன்னு நினைக்கறேன்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவன் நான். மேனேஜ்மென்ட் அனுமதி இல்லாம உள்ள போக முடியல, அவங்க ஆள் கூடவே நின்னா ஒர்க்கர் வாய தொறக்க மாட்டேங்கறார்.

பதில்: கேட்டுக்கு வெளிய ஆரம்பிங்க தம்பி. ரிட்டயர் ஆனவங்கள முதல்ல பாருங்க, அவங்களுக்கு பயம் குறைவு, பழைய சம்பள ஒப்பந்தங்கள பத்திரமா வச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. யூனியன விட்டு விலகினவங்களையும், சேரவே சேராத கான்ட்ராக்ட் ஆளுங்களையும் விட்டுடாதீங்க, தலைவர் சொல்லாதத அவங்க சொல்வாங்க. எழுதறப்ப பேர மாத்தினா மட்டும் போதாது, ஒரு டிபார்ட்மென்ட்ல ஒரே ஒரு பெண் வெல்டர் தான்னா 'பெண் வெல்டர்'னு எழுதினாலே ஆள் தெரிஞ்சுடும், அந்த விவரத்தையும் எடுத்துடுங்க. உங்க தீசிஸ் முடிஞ்சப்புறமும் அவங்க அங்க தான் வேலை பாக்கணும்.